பொட்டலத்தின் மேல் ஒரு பொய்



சென்ற வாரம் சாயந்திர செபமாலை முடிந்ததும் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மூத்த மகன் பிரான்சில், இளையவன் அமெரிக்காவில். நமது புதுச்சேரிக் குடும்பங்களில் இது அதிசயமல்ல. 1962-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பிக் கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். இப்போது இளையவன் குழந்தைக்கு ஞானஸ்நானம். வீட்டு விசேஷங்களில் ஒயின் ஊற்றிக்கொடுப்பது எப்போதும் தகப்பனார்தான். அவர் காலமாகி ஒரு வருஷமாகிறது. அவருடைய இடத்தில் நின்று, அண்ணன் ஆறு புட்டி திராட்ச இரசம் தம்பிக்குத் தபாலில் அனுப்ப ஆசைப்படுகிறான். அமெரிக்கத் தபால் அதை ஏற்காது. "ஒலிவ எண்ணெய் என்று எழுதிவிடு, யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?" என்று சிநேகிதர்கள் சொல்கிறார்களாம்.

"அன்புக்காக எழுதினால் அதுவும் பாவமா, சாமி?" என்று தாயார் கேட்டார்.

திராட்ச இரசத்தில் குற்றமில்லை. கானாவூர்க் கலியாணத்தை அறிந்த நமக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. குடித்துக் கெடுவது வேறு விஷயம். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் வேண்டியமட்டும் திட்டியாயிற்று.

இங்கே கேள்வி சட்டத்தைப் பற்றியது. மதுபானத்தைத் தபாலில் அனுப்பக்கூடாதென்று அமெரிக்கா 1909-லேயே விதித்தது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தது. அதை நீக்கியபோது, மதுவைப் பற்றிய அதிகாரத்தைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் கையில் விட்டார்கள். தபால் தடையோ அப்படியே நிற்கிறது. நமக்கு அது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம்.

பழைய வேதசாஸ்திரிகளில் சிலர் இதற்கு ஒரு சலுகை வைத்திருந்தார்கள். சுவாரெஸ் சுவாமியார் 1612-இல் வெளியிட்ட நூலில் இதைக் காணலாம். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை. மீறினவன் அபராதத்தை ஏற்கத் தயாராயிருந்தால் போதும் என்பார்கள். சுங்கச் சட்டங்களை அந்த வகையில் சேர்த்தவர்களும் உண்டு. குருமடத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இது! ஆனால் சற்று யோசியுங்கள். அபராதத்துக்குத் தயாராயிருப்பவன் பெட்டியின் மேல் 'ஒயின்' என்றல்லவா எழுத வேண்டும்? 'ஒலிவ எண்ணெய்' என்று எழுதுகிறவன் அபராதத்துக்கும் தயாரில்லை.

ஆகவே மிஞ்சுவது பொய் ஒன்றே. ஓர் உயிரைக் காப்பாற்றவும் பொய் சொல்லலாகாது என்றார் அர்ச். அகுஸ்தீனார். பிறர் நன்மைக்காகச் சொல்லும் பொய் தன்னிலே சாவான பாவமல்ல, ஆயினும் பாவமே என்றார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். 'அற்பப் பாவந்தானே' என்று பெருமூச்சு விடாதேயுங்கள். பொய்யை எழுதுகிறவன் பிரான்சில் இருக்கிறான். பெட்டியைக் கையேற்கிறவன் அமெரிக்காவில் இருக்கும் தம்பி. வழியில் புட்டி உடைந்தால் நனைவது யாரோ ஓர் ஏழை வீட்டுக்கு அனுப்பிய துணிமணி. எல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாலோ, பசாசின் கிரியைகளை விட்டுவிடுகிறோமென்று காலையில் கோவிலில் வாக்குக் கொடுத்தவர்கள், மத்தியானம் பந்தியில் இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் யாரையும் கல்லெறியவில்லை. ரோமையில் படிப்பு முடிந்து திரும்பியபோது என் தகப்பனாருக்காக நாலு புட்டி கொண்டுவந்தேன். அது அனுமதித்த அளவுக்கு மேல். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார். "பூசைக்கு" என்றேன். அவர் என் அங்கியைப் பார்த்து, கைகூப்பி வழிவிட்டார். அந்தக் கைகூப்புதலை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பா முதல் புட்டியைத் திறந்து, "உனக்கும் ஊற்றவா?" என்று கேட்டபோது தலைவலி என்றேன். அது இரண்டாவது பொய்.

அந்தத் தாயாரிடம் இரண்டு வழி சொன்னேன். தம்பியின் ஊரில் உரிமம் பெற்ற கடைக்கு அண்ணன் பிரான்சிலிருந்தே பணம் செலுத்தினால், அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடும். அல்லது அவனே ஞானஸ்நானத்துக்குப் போகட்டும். இருபத்தொரு வயதானவர் ஒரு லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். அதற்கு மேலென்றால் உள்ளதைச் சொல்லித் தீர்வை கட்டலாம்.

மகனோடு பேசிவிட்டு முந்தாநாள் மறுபடியும் வந்தார். பயணச்சீட்டு வாங்கிவிட்டானாம். தகப்பனாருக்குப் பிடித்த இரசத்தில் ஒரே ஒரு புட்டி, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகிறான். அவனே ஊற்றுவான்.

"நாற்பது பேருக்கு ஒரு புட்டி எப்படிப் போதும், சாமி?" என்பதுதான் இப்போது அவருடைய கவலை.