ஐந்து மலைகளுக்குக் கொடுத்த வாக்கு

1

வடக்கனந்தலை அடுத்துக் கோமுகி அணை. அதற்கு அப்பால் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப்போகும் பாதையைப் பார்க்கிறபோதெல்லாம் ஈவ்லின் பிராண்ட் அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். 1879-ல் பிறந்தவர், லண்டனில் ஓவியம் படித்தவர். 1913-ல் சேந்தமங்கலத்தில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலை ஏறினார். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் உட்பட ஐந்து மலைகளுக்கும் நற்செய்தியோடு போவோம் என்று இருவரும் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

வாக்குக் கொடுக்க ஒரு ஜெபவேளை போதும். அதை நிறைவேற்ற அம்மாளுக்கு ஆயுள் முழுவதும் தேவைப்பட்டது.

2

கொல்லிமலையில் முதல் சில ஆண்டுகள் யாரும் செவிகொடுக்கவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் அந்தப் பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். பயத்தில் யாரும் அண்டவில்லை. கஞ்சியும் மருந்துமாகப் போய்ப் பணிவிடை செய்தவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகும் தறுவாயில் பூசாரி தம் குழந்தைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார்.

சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன வசனம் அந்த வீட்டு வாசலில் கஞ்சியாக வந்து நின்றது. இரக்கம் முந்திப் போகாத இடத்தில் பிரசங்கத்துக்கு வேலை இல்லை.

3

அந்த நாளில் மலைகளில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. புழு பாதித்த காலோடு ஒருவர் கிணற்றுப்படியில் இறங்குவார். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் புழு வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடிக்கும். தண்ணீரை வடிகட்டுங்கள், கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள் என்று பிராண்ட் தம்பதி ஊர் ஊராகச் சொன்னார்கள். 2000-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கிணற்றுச் சுவரையும் ஊழியம் என்றே எண்ணுகிறேன். கீழ்ப்படிதலும் அந்தப் புழுவை எடுப்பதுபோலத்தான், இன்றைக்கு உள்ள கொஞ்சத்தை இன்றைக்குச் செய்வது, நாளைக்கும் அதையே செய்வது.

4

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அம்மாள் சமவெளியில் வேலை செய்ய அனுப்பப்பட்டார், அதற்கும் கீழ்ப்படிந்தார். ஏறக்குறைய எழுபது வயதில் ஓய்வு கிடைத்ததும் ஊர் திரும்பாமல் மீண்டும் மலை ஏறினார். மற்ற நான்கு மலைகள் பாக்கி இருந்தனவே! கல்வராயன் மலைக்கு அவர் வந்தது அந்த வயதில்தான். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். மட்டக்குதிரையில் ஊர்களுக்குப் போனார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்திய வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் அவருடைய மகன். கடைசி இருபது வருடங்கள் தாயின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 1974-ல் தமது 95-ஆம் வயதில் அம்மாள் காலமானார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

5

கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தவர்கள், கூலியில்லாமல் உழைத்தவர்கள். மலைக்குக் கீழேயும் காயம்பட்டவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ‘ஏன் குடித்தார்கள்?’ என்ற கேள்வியோடு நம்மில் பலர் கடந்து போனோம். வேதத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கடந்து போனதும் அப்படித்தான். ‘இந்த வழியில் ஏன் வந்தாய்?’ என்று சமாரியன் கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டான்.

கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்பதை யாக்கோபு நிருபத்தில் வாசித்து ஆமென் சொல்லுகிறோம். ஆமென் சொன்ன கையோடு ஒரு விதவையின் வீட்டுக்கு அரிசி போக வேண்டும். தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் போக வேண்டும். நாளைக்கு வாசிக்க நாளைக்கு ஒரு பகுதி இருக்கிறது. இன்று காலையில் வாசித்ததை, இருட்டுவதற்குள் யாராவது ஒருவருக்குச் செய்துவிடுங்கள்.