கனம்

சென்ற தை மாதம் டாக்டர் என்னை எடைக்கருவியில் ஏற்றினார். 104 கிலோ! "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சைக்கிள் விடுங்கள். உடம்பின் பாரத்தை ஸீட் ஏற்றுக்கொள்ளும்" என்றார். நாற்பத்தாறு வயதில் சைக்கிளா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு நாவலை முடிப்பதற்காகத் தீர்த்தமலை அடிவாரத்தில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தேன். அரூருக்குப் போய்ப் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். "நல்ல புது வண்டியாக வாங்கியிருக்கலாமே, மாமா?" என்றார் மைத்துனர். "எளிமைதான் அழகு" என்றேன். சுத்தப் பொய். பத்து நாளில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். விடும்போது அதிகம் வலிக்கக் கூடாதே! காசில் சிக்கனம் பிடிப்பவனை உலகம் கஞ்சன் என்கிறது. தன்மேல் வைக்கும் நம்பிக்கையில் சிக்கனம் பிடிப்பவனுக்கு என்ன பெயர்?

சிறுவயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற வித்தை மறக்கவில்லை. ஆனால் டீக்கடையைத் தாண்டும்போது ஓர் இளைஞன் குரல் கொடுத்தான்: "சைக்கிள் பாவம்டா!" கடையே சிரித்தது. ஆறாம் நாள் பின் சக்கரத்தில் 'டங்' என்று ஒரு கம்பி அறுந்தது. அவன் சொன்னது பலித்துவிட்டது என்று கூசிப்போனேன்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "உங்க வெயிட்டுக்கு அறுகலை, சார். இந்த வண்டி ரெண்டு மூட்டை நெல்லு சுமக்கும். பின் வீல்ல 40 கம்பி. நாலு கம்பி தளர்ந்து கிடந்தா, பாரமெல்லாம் பக்கத்துக் கம்பிமேல விழுது. எல்லாத்தையும் ஒரே சீரா முறுக்கிட்டா, ஒருத்தருக்கும் கஷ்டமில்லை." கோட்டம் எடுத்து, காற்றை நிறைய அடித்து, "காத்து மட்டும் குறையவிடாதீங்க" என்று அனுப்பினார்.

வண்டிக்குப் பாரமில்லை என்றால், எனக்கு எது பாரமாக இருந்தது? தமிழில் 'கனம்' என்ற சொல்லுக்கு எடை என்றும் பொருள். பெருமை என்றும் பொருள். மந்திரிகளையும் நீதிபதிகளையும் 'கனம்' என்று அழைத்த காலம் உண்டு. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கையில் என் சரீரம் கௌரவமாகத்தான் இருந்தது. அதே சரீரம் சைக்கிளில் ஏறியதும் வேடிக்கையாகிவிட்டது. ஆக, சிரிப்புக்குக் காரணம் பருமன் மட்டுமல்ல. ஒருவன் தனக்கென்று ஒதுக்கிய நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதுதான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைப் பெரிய அளவில் கண்டோம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பெடலை மிதித்தார்கள். அதற்கு முன் கேலியை மிதித்தார்கள். அவர்களுக்கு எதிரே ஊர்க்கட்டுப்பாடு நின்றது. எனக்கு எதிரே நின்றது என் அகங்காரம் மட்டுமே. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அது அபசாரம்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அன்றிரவு நாவலின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன். அதில் ஒரு தொந்திக்காரர் வருகிறார், பந்தியில் மூன்றாவது முறை ஜிலேபி கேட்கிறார், நாற்காலி முறிகிறது. என் முந்தைய நாவல்களிலும் இப்படித்தான். பருத்தவன் யாருக்கும் என் கதைகளில் துக்கம் இல்லை, காதல் இல்லை, ஜிலேபி மட்டுமே உண்டு. வாசகரைச் சுலபமாகச் சிரிக்க வைக்க அவர்கள் முதுகில் நான் சவாரி செய்திருக்கிறேன். டீக்கடை இளைஞன் என் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டான். ஆனாலும் அவன் சிரித்த சிரிப்பை ஊருக்கு விற்றவர்களில் நானும் ஒருவன். பிறரைச் சிரிப்பது பாவமா என்று கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. தளர்ந்த கம்பிகளைப்போல நாம் சுமக்காமல் விட்டது பக்கத்து மனிதர்மேல் விழுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

நாற்காலி முறிகிற அத்தியாயத்தை அடித்துவிட்டேன். நாவல் இரண்டு மாதம் தாமதமாயிற்று.

சைக்கிளை விடவில்லை. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது, பிரமாதமில்லை. ஏற்றம் வந்தால் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். போன வாரம் டீக்கடை வாசலில் அதே இளைஞன் என்னை நிறுத்தினான். நான் தயாராக முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவன் குனிந்து பின் டயரை அமுக்கிப் பார்த்தான்.

"காத்து கம்மியா இருக்கு சார். இருங்க, பம்ப் எடுத்தாரேன்."