ஆரஞ்சு பவுலின் சாந்நித்தியம்

வழிபாட்டுக்கென்று எழுப்பாமல், கேளிக்கைக்கும் நகரத்தின் வருமானத்துக்குமாக மனிதர் எழுப்பிய ஓர் இடத்தில், சாந்நித்தியம் என்று நம் பெரியோர் சொல்லும் ஒன்று வந்து குடிகொள்ளுமா, குடிகொள்ளுமாயின் அவ்விடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய பின் அது எங்கே போகிறது என்ற கேள்வி, அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்து மயாமி நகரின் 'ஆரஞ்சு பவுல்' அரங்கத்தின் கதையைப் படித்த நாள் முதலாக என்னை விட்டபாடில்லை. எழுபது ஆண்டுகள் அங்கே கூடிய ஜனங்கள், மயாமிப் பல்கலைக்கழக அணி அங்கே ஆடிய கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் ஞாபகங்களில், விளையாட்டு ரசிகரின் அபிமானம் என்று சொல்லி முடித்துவிட முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. பக்தனின் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அந்த ஆட்டம் 2007 நவம்பர் 10 சனிக்கிழமை இரவு நடந்தது. மயாமிப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, வர்ஜீனியாப் பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடியது. கால்பந்து என்றால் நாம் அறிந்த உருண்டைப் பந்து ஆட்டம் அன்று. இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், கவசமணிந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளி அங்குலம் அங்குலமாக நிலத்தைப் பிடிக்கும் அமெரிக்க ஆட்டம். பல்கலைக்கழகம் இனி வேறு அரங்கத்துக்குப் போய்விடும் என்பது அந்த ஆகஸ்டிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது; ஆகையால் அன்றிரவு வந்தவர்கள் எல்லோரும் விடை கொடுக்கவே வந்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். தந்தையின் தோளில் அமர்ந்து முதல் ஆட்டம் பார்த்தவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வெற்றியோடு கதவைச் சாத்த வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் வேண்டியது வேறில்லை. முடிவு, வர்ஜீனியா 48, மயாமி பூஜ்யம். ஒரு புள்ளிகூட இல்லை.

இந்தப் பூஜ்யத்தின் கனத்தை உணர வேண்டுமானால் அந்த மைதானத்தின் பழைய பெருமையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1985 முதல் 1994 வரை இதே அணி இதே களத்தில் தொடர்ந்து ஐம்பத்தெட்டு ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வென்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் வந்து அந்தச் சங்கிலியை அறுக்கும்வரை, இங்கே வந்து வென்று திரும்புவது எந்த அணிக்கும் கைகூடவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பெற்ற ஐந்து தேசிய வாகைகளில் மூன்று இந்தப் புல்தரையிலேயே முடிவாயின. வெற்றியால் புனிதமான இடம் இது என்று யாரேனும் சொன்னால் எளிதில் மறுக்க முடியாது. ஆனால் கடைசி இரவில் வெற்றி சிறிதும் இல்லாமல் போன பின்னும் அந்த இடம் அவர்களுக்கு அப்படியேதான் இருந்தது. ஆட்டம் கைவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியும் எழுந்து போக மனமில்லாமல் இருக்கைகளிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. பலனை எதிர்பாராத பக்தி என்று சாஸ்திரங்கள் சொல்வதை நான் பெரும்பாலும் புத்தகங்களில்தான் கண்டிருக்கிறேன். அதற்குப் பிரத்தியட்சமான ஓர் உதாரணம் கேட்பவருக்கு அந்த இரவைச் சொல்லுவேன்.

பிரெஞ்சு தேசத்துச் சமூக சாஸ்திரி எமில் தர்க்கைம், 1912இல் வெளியிட்ட தம் நூலில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளை ஆராய்ந்து ஒரு முடிவைக் கூறினார். மனிதர் பெருங்கூட்டமாகக் கூடும்போது ஒவ்வொருவரும் தம்மினும் பெரியதொரு சக்தி தம்மை ஆட்கொள்வதாக உணர்கிறார்கள். அது உண்மையில் கூட்டத்தின் சக்தியே. ஆனால் அதை அங்கே கண்ணெதிரே நிற்கும் ஒரு சின்னத்தின்மேல் ஏற்றி அதனைத் தெய்வமென வணங்குகிறார்கள் என்பது அவர் கொள்கையின் சாரம். ஆரஞ்சு பவுலுக்கு இது வெகுவாகப் பொருந்துவது போலத் தோன்றும். அந்த அரங்கத்தின் மேல்தட்டுகள் எஃகினால் ஆனவை. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் காலால் மிதிக்கும்போது படிகள் மெய்யாகவே அதிரும். அந்த அதிர்வை உள்ளங்காலில் உணர்ந்ததைத்தான் அங்கே போய்வந்தவர்கள் முதலாவதாகச் சொல்கிறார்கள். கூட்டத்தின் சக்தி இரும்பின் வழியே ஒவ்வொருவர் உடம்பிலும் ஏறியது என்றால் தர்க்கைம் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனினும் அவர் விளக்கம் எனக்குப் போதவில்லை. கூட்டமே சக்தி என்றால், கூட்டம் போகுமிடமெல்லாம் அது கூடவே போயிருக்க வேண்டும். அதே அணியும், அதே நிறக்கொடிகளும், அதே ஜனங்களும் 2008இல் பல்கலைக்கழகத்திலிருந்து இருபது மைலுக்கு அப்பாலுள்ள மயாமி கார்டன்ஸ் அரங்கத்துக்குப் போனார்கள்; ஆனால் ஓ.பி. என்று செல்லமாக அழைத்த பழைய இடத்தில் இருந்தது இங்கே இல்லை என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிரிவாற்றாமை பழையதை அழகாக்கிக் காட்டும் என்பது உண்மையே. ஆனாலும் அது முழு உண்மை ஆகாது. ஓரிடம் என்பது வெறும் ஆதாரமன்று. கிழக்கு முனையில் தட்டுகள் எழும்பாமல் திறந்திருந்த வெளியும், அதில் நின்ற பனைகளும், அவற்றுக்கு அப்பால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்களும், அரங்கத்தைச் சூழ்ந்திருந்த 'லிட்டில் ஹவானா' என்னும் கியூபா தேசத்தவரின் குடியிருப்பும், அங்கே வீட்டு முன்புறப் புல்வெளிகளில் கார்களை நிறுத்தவிட்டுக் காசு வாங்கிக்கொண்ட குடும்பங்களும் சேர்ந்தே அந்த ஆட்டம். ஒரு ரசிகன் வருஷாவருஷம் அதே வீட்டின் முன் வண்டியை நிறுத்துகிறான். அந்த வீட்டுப் பாட்டி அட்டையில் விலையை எழுதிப் பிடித்துக்கொண்டு கையசைத்து அவனை உள்ளே விடுகிறாள். பாஷை புரியாவிட்டாலும் முகம் புரிகிறது. பாதயாத்திரை போகிறவனுக்கு வழியிலுள்ள சத்திரமும் தலத்தின் அங்கமே அல்லவா?

மேலும் அந்தக் களம் ஒரு பல்கலைக்கழகத்தின் மகிழ்ச்சிக்கு மட்டும் சாட்சியாக நின்றதன்று. 1937 டிசம்பரில் நகராட்சி அதைத் திறந்தபோது பர்டைன் ஸ்டேடியம் என்று பெயர். ஆரஞ்சு பவுல் என்ற பெயர் 1959இல்தான் வந்தது. அந்நாளில் தென் மாகாணங்களில் கறுப்பு மக்களைப் பிரித்து வைத்த கொடுமை இங்கும் இருந்தது. முதல் முப்பது ஆண்டுகள் மயாமி அணியில் ஒரு கறுப்பு இளைஞனும் இல்லை. 1967இல் ரே பெல்லமி சேர்ந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. அதே காலத்தில், 1947 முதலாக, ஃபுளோரிடா ஏ அண்டு எம் என்னும் கறுப்பு மக்களின் கல்லூரி 'ஆரஞ்சு பிளாசம் கிளாசிக்' என்ற ஆட்டத்தை ஆண்டுதோறும் இதே புல்தரையில் நடத்தி, மயாமியின் கறுப்பு ஜனசமூகத்துக்கு ஒரு பெருந்திருவிழாவாக்கியது. 1962 டிசம்பர் 29 அன்று, கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற பன்றி வளைகுடாப் படையெடுப்பில் சிறைப்பட்டு மீண்ட வீரர்களை வரவேற்க ஜனாதிபதி கென்னடி இங்கே வந்தார். அவர்கள் தம் படைக்கொடியை அவரிடம் ஒப்படைத்தார்கள். விடுதலை பெற்ற ஹவானாவில் அதைத் திருப்பித் தருவதாக அவர் வாக்களித்தார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. 1980இல் மாரியல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்த கியூபா அகதிகளுக்கு இந்த அரங்கமே சில காலம் தங்குமிடமாயிற்று. ஆட்டப் பருவம் நெருங்கியதும் அவர்களை அப்புறப்படுத்தி, நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ்க் கூடாரங்களில் வைத்தார்கள். விளையாட்டுக்காக வீடற்றவர்களை வெளியேற்றிய இடம் புனிதமாகுமா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்தக் கறையையும் சேர்த்துச் சொல்லாத ஞாபகத்தை நான் ஞாபகமாகவே மதிக்க மாட்டேன். ரசிகர் பலரின் பேச்சில் இந்த அத்தியாயம் இல்லாதது எனக்கு வருத்தமே.

என் மனம் திரும்பத் திரும்பப் போவது வேறொரு இரவுக்கு. 1984 ஜனவரி 2. தேசிய வாகைக்கு, இவ்வரங்கத்தின் பெயரே கொண்ட ஆரஞ்சு பவுல் பந்தயம். தோற்காத பெரும் அணியாக வந்த நெப்ராஸ்காவை எதிர்த்து, அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத மயாமி. ஆட்டம் முடிய நாற்பத்தெட்டு விநாடிகளே இருக்கையில் நெப்ராஸ்கா பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து, அதாவது ஒரு டச் டவுன் போட்டு, 31க்கு 30 என்று நெருங்கியது. பந்தைக் காலால் உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் ஒரு புள்ளி, ஆட்டம் சமமாகும், சமமானாலே வாகை நெப்ராஸ்காவுக்குத்தான் என்பது ஏறக்குறைய நிச்சயம். அவ்வணியின் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் அந்த எளிய வழியை ஏற்கவில்லை. வென்றால் வென்றதாக இருக்கட்டும் என்று, மறுபடியும் பந்தை எல்லைக்கோட்டைக் கடத்தி இரண்டு புள்ளி பெற ஆடச் சொன்னார். எறிந்த பந்தை மயாமியின் கென்னி கால்ஹூன் விரல் நுனியால் தட்டிவிட்டார். வாகை மயாமிக்குப் போயிற்று.

மயாமி ரசிகர்கள் இதைத் தங்கள் முதல் தேசிய வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அன்றிரவு அந்தக் களத்தில் நிகழ்ந்தவற்றுள் மிக உயர்ந்தது தோற்றவர் செய்த தீர்மானம் என்பது என் துணிபு. கைக்கெட்டிய பலனை, அதற்குரிய தகுதி முழுமையாகாத காரணத்தால், ஒரு மனிதர் எழுபதினாயிரம் பேர் முன்னிலையில் ஒதுக்கிவிட்டார். இப்படிப்பட்ட ஒரு செயல் நடந்த மண் மற்ற மண்ணைப்போல இருப்பதில்லை என்பதே தலபுராணங்கள் யாவும் சொல்லும் விஷயம். அந்தச் செயலைச் செய்தவன் வென்றானா தோற்றானா என்பது புராணத்துக்கு இரண்டாம் பட்சம். அடுத்த நவம்பரில் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி கடைசி விநாடியில் எறிந்த நெடும் பந்து 47க்கு 45 என்று மயாமியைத் தோற்கடித்ததும் இதே களத்தில்தான். அதையும் இவர்கள் பெருமூச்சோடு, ஆனால் பெருமையோடு, நினைவுகூருகிறார்கள். இடத்தின் மகிமை வெற்றியையும் தோல்வியையும் ஒருசேர ஏற்கிறது. நடந்தது எதுவாயினும் அதற்குச் சாட்சியாக இருந்ததே அதன் மகிமை. நாம் ஒருகாலத்தில் இன்னாராக இருந்தோம், இன்னாரோடு இருந்தோம் என்பதை நமக்கு வெளியே நின்று அறிந்த ஒன்று வேண்டும் என்ற தாகம் மனித ஆன்மாவுக்கு உண்டு. இறந்துபோன தகப்பன் எந்தப் படியில் நின்று கூவினான் என்பதை அந்தப் படி அறியும் என்று மகன் நம்புகிறான். அது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் கோயில்களில் திருப்பணிக்காக விமானத்தைத் தொடுமுன் கலாகர்ஷணம் செய்வார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, பிறகே கல்லைப் பெயர்ப்பார்கள். சாந்நித்தியம் இடத்தைச் சார்ந்தது என்பதையும், ஆனால் இடத்தோடு அழிவதன்று என்பதையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. மயாமியில் அப்படியொரு முறை கிடையாது. 2008இல் அரங்கத்தை இடிக்குமுன் இருக்கைகளையும் பலகைகளையும் நகராட்சி விற்றது. ஜனங்கள் வாங்கிப் போய்த் தம் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். துருவேறிய ஓர் இருக்கைக்குப் பணம் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று நகைத்தவர்களும் இருந்திருக்கலாம். எனக்கோ, முறை தெரியாதவர்கள் தங்களால் இயன்ற மட்டும் செய்துகொண்ட கலாகர்ஷணமாகவே அது படுகிறது. அரங்கம் நின்ற இடத்தில் 2012இல் பேஸ்பால் மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய அரங்கத்தின் பெயர்ப் பலகையில் இருந்த எழுத்துகளின் வடிவில், ஆளுயரத்தை மிஞ்சும் ஆரஞ்சு நிற எழுத்துகளை அதன் கிழக்கு முற்றத்தில், பாதி மண்ணில் புதைந்தவை போலவும் சாய்ந்தவை போலவும் சிதறி நாட்டியிருக்கிறார்கள். நடந்துபோகிறவன் நிற்கும் கோணத்துக்கேற்ப அவை வேறு வேறு சொற்களாகக் கூடும். குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுகிறார்கள்.

இனி வருகிறவர்களைப் பற்றிய ஒரு சந்தேகம் பாக்கியிருக்கிறது. 2007இல் அங்கே மாணவராக இருந்தவர் இன்று நாற்பதை எட்டியிருப்பார். அவருக்குப் பின் சேர்ந்த எவரும் ஓ.பி.யைக் கண்டதில்லை. கண்டவரிடம் கேட்டே அவர்கள் அறிகிறார்கள். கேள்வியறிவால் வரும் சிரத்தை, கண்ணால் கண்டு வருவதைவிடத் தாழ்ந்தது என்று நான் கொள்ளவில்லை. நம் சமயங்களில் பெரும்பகுதி செவிவழியே நமக்கு வந்ததுதானே. ஆனால் கேட்கச் சொல்கிறவர்கள் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யத்தையும், பாலத்தடிக் கூடாரங்களையும், ஆஸ்பர்னின் தீர்மானத்தையும் விடாமல் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வெற்றிகளை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகவே நின்றுவிடும். மயாமி வீரர்கள் களத்துக்குள் ஓடி வருமுன் வாயிலில் வெண்புகை எழுப்பி, அதன் நடுவிலிருந்து அவர்கள் வெளிப்படுவது ஓ.பி. நாளிலிருந்தே வந்த பழக்கம். மயாமி கார்டன்ஸிலும் அதை விடாமல் செய்துவருகிறார்கள். இது ஏன் என்று புது மாணவன் கேட்டால், பழைய இடத்தின் பேரைச் சொல்லித்தான் அவனுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.