அமர்ந்து குடிக்கும் தேநீர்

நாகர்கோவில் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் "சாயா குடிக்கியளா?" என்றுதான் பேச்சு தொடங்கும். கேட்பது வீட்டு ஆணாகவும் இருக்கலாம். எழுந்து அடுப்படிக்குப் போவது யார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தட்டைப் பிடித்த கை நடுங்குகிறதா, தம்ளர் யாருக்கு முதலில் நீட்டப்படுகிறது என்று அத்தனை கண்களும் அளக்கும். அந்தத் தட்டில் அவளுக்கென்று ஒரு தம்ளர் இருப்பதில்லை.

பரிமாறுதலே அடிமைத்தனம், தட்டைக் கீழே வைத்துவிடு என்று சொல்வது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஊலாங் தேநீரை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவே, பாதி வாடிப் பாதி நிறம் மாறிய இலை அது. தெற்குச் சீனத்தின் முறைப்படி, உள்ளங்கையில் அடங்கும் மண்கெண்டியில் இலையை நிறையப் போட்டு, கொதிநீரை ஊற்றி, சில நொடிகளிலேயே வடித்துவிடுவார்கள். அதே இலையில் ஐந்தாறு தடவை நீர் ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் மணம் வேறு. ஒன்றில் பூ, இன்னொன்றில் வறுத்த தானியம். பால், சீனி, ஏலக்காய் எதுவும் கிடையாது. நம்மூர்க் கட்டன்சாயாவின் பொறுமையான உறவுக்காரி என்று சொல்லலாம்.

அந்தச் சடங்கில் என்னைப் பிடித்து நிறுத்துவது ருசியல்ல. ஊற்றுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். தன் கிண்ணத்திலும் ஊற்றிக்கொள்கிறார். எல்லோரும் குடிக்கும்போது அவரும் குடிக்கிறார். கவனமும் உபசரணையும் இழிவானவை அல்ல. அவற்றைச் செய்கிறவருக்கு நாற்காலி இல்லாமல் போவதுதான் இழிவு. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்பதை, 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தியல்லவா சொல்ல வேண்டியிருந்தது! சாயாக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க இன்றும் எத்தனை பெண்கள் கூசாமல் போகிறோம்? அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இங்கே ஒரு நெருடல். நான் அமர்ந்து ரசிக்கும் இலையைப் பறித்தவள் சரிவில் நின்றே பறித்தாள். நம் வயல்களுக்கு நீர் தரும் கோதையாற்றின் மேல்பகுதிக்கு ரோடு மாஞ்சோலை வழியாகத்தான் போகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து குத்தகைக்கு எடுத்த காடு அது. 1999 ஜூலை 23 அன்று, அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி மிச்சமிருந்தவர்களையும் மலையிலிருந்து இறங்கச் சொன்னது.

அதனால் நல்ல தேநீரை விட்டுவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். விட்டால் பறிப்பவளுக்கு ஒரு நயாபைசா கூடப்போவதில்லை. ரசனையில் குற்றமில்லை, ஆனால் இலையின் ஊரையும் உயரத்தையும் மணத்தையும் நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த நாக்கு, பறித்தவளின் கூலி எவ்வளவு என்று கேட்கும்போது மட்டும் ஏன் மரத்துப்போகிறது? கடைக்காரரிடம் முதலில் அதைக் கேட்கிறேன். பெரும்பாலும் அவர் இலையின் மணத்தைப் பற்றியே பதில் சொல்கிறார்.