நரி முகம்

அக்கா பையனுக்கு எட்டு மாதம். நான்கு நாளாக ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழுதான். டாக்டர் பல் முளைக்கிறது என்றார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பயந்திருக்கான்டா. தாம்பரம் ஸ்டேஷன்கிட்ட ஊசிமணி விக்கிறவங்ககிட்ட நரிப்பல் கிடைக்குதா பாரு, அரைஞாண்ல கட்டிடலாம்."

ஞாயிறு காலையில் நன்மங்கலம் காட்டில் பறவை பார்க்கப் போகிறவன் நான். அம்மாவிடம் சட்டம் பேசினேன். அடுத்த நாள் சாயங்காலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தடியில் போய் நின்றதும் நான்தான்.

"நரிப்பல்லா? வாணாம் சாமி, புடிச்சிக்குவாங்க. கருப்பு மணி வாங்கிக்க" என்றார் அந்த அக்கா. வாங்கிக்கொண்டேன். பெரிய நிம்மதி. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவரிடம் பல் இருந்திருந்தால்? தூக்கமில்லாத நான்காவது நாள் அது. வாங்கியிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை.

நம்மிடம் நரி முதலில் பல்லாக இல்லை, முகமாக இருந்தது. நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு யோகம். சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் சில கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து வந்து, ஊரே அதன் முகத்தைப் பார்த்து, பிறகு காட்டில் விட்டுவிடுவது வழக்கம். வனத்துறை அபராதம் போடுகிறது. போடட்டும், நரிக்கு அது சித்திரவதைதான். ஆனாலும் அந்த நம்பிக்கையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பலன் கிடைக்க நரி உயிரோடு இருக்க வேண்டும். நாளைக்கும் ஓட வேண்டும்.

பல்லும் கொம்பும் வேறு கணக்கு. நரிக்கு ஏது கொம்பு? மண்டையோட்டுத் துணுக்கில் தோலும் முடியும் ஒட்டி விற்பதற்குத்தான் நரிக்கொம்பு என்று பெயர். நரிகள் அருகிப்போனதால் முகத்துக்குப் பதிலாகக் கொம்பு வந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எமர்சன் டெனன்ட் இலங்கையின் விலங்குகள் பற்றி 1861-ல் எழுதிய புத்தகத்திலேயே அது இருக்கிறது. நகையோடு சேர்த்து வைத்தால் திருடு போகாது என்று அங்கே சிங்களவரும் தமிழரும் நம்பியதை எழுதியிருக்கிறார். ஊளை கேட்கும் தூரத்தில் நரி இருந்தபோதே அதைப் பெட்டிக்குள் வைக்க ஆசைப்பட்டிருக்கிறோம். முகத்தைப் பார்க்க மட்டும்தான் முடியும், பல்லைப் பூட்டி வைக்கலாம்.

பூட்டி வைத்தவர்கள் நாம். கொன்று கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெயரிலேயே நரி ஒட்டிக்கொண்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் நரிக்குறவர்களின் வேட்டையை நிறுத்தின. பட்டியல் பழங்குடி அங்கீகாரம் அவர்களுக்கு வந்து சேர 2023 ஆனது. அந்த நாய்த்தனமான இடைவெளியில் மாட்டிக்கொண்டது விற்றவர்கள் மட்டும்தான். கேட்டு வாங்கிய அம்மாக்கள் யாரும் ஸ்டேஷனில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மாவைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலையூரில் சின்ன வயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். வலந்தலையில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும், வாருக்கு எருமைத்தோல். மூட்டு மாற்ற ஒருவர் வருவார். வாசல் திண்ணையோடு சரி. அவருக்கென்று ஒரு டம்ளர், மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கும். சரஸ்வதி பூஜை அன்று மிருதங்கத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து பூஜை அறைக்குள் கொண்டுபோவோம். அவர் தொட்ட தோல் உள்ளே போனது, அவர் ஒருநாளும் போகவில்லை. அது எனக்கு உறுத்தியதே இல்லை.

மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-ல் வந்தது. அதன் வெளியீட்டுக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் நடந்தது. மாட்டுத்தோலை மடியில் வைத்து வாசிப்பதில் சங்கடம் இல்லை, மாட்டைப் பற்றிப் பேசுவதில்தான் சங்கடம்.

செத்த உடம்பின் ஒரு துண்டைப் புனிதமாக வைத்துக்கொள்வதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. தானாக உதிர்ந்த மயில் இறகை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. (உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று கோயில் வாசல் கடையில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு.) தின்பதற்காக அறுத்த மாட்டின் தோல் மேளமானால், மாட்டுக்கு அதில் கூடுதலாக நஷ்டம் ஒன்றுமில்லை. நரிப்பல் அப்படி இல்லை. யாரும் தின்று மிச்சம் வைத்ததல்ல அது. நான் கேட்பதால் மட்டுமே நடக்கிற சாவு. ஒரு குழந்தையின் பயத்துக்கு அது ஈடாகாது என்று இப்போது பகலில் உட்கார்ந்து எழுதும்போது சொல்ல முடிகிறது.

ஆனால் மாட்டுக்கு நஷ்டமில்லை என்பதோடு என் கணக்கு தீரவில்லை. அந்த டம்ளர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரும் ‘மிருதங்கக்காரர்’ என்போம். போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "எதுக்குடா இப்போ?" என்றாள்.

பையனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. கருப்பு மணியால்தான் என்கிறாள் அம்மா. அவன் அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறான்.