காளானும் காலாமரும்

பருவமழை தொடங்கியதும் இடப்பள்ளி போன்ற ஊர்களின் தோப்புகளிலும் புற்றடிகளிலும் காளான்கள் தலைகாட்டும். அவற்றை இனங்காணப் புதிதாய்க் கற்கும் அன்பர்க்கு ஓர் ஐயம் எழலாம். கேள்வியையும் மரபையும் மட்டும் நம்பி எதனையும் ஏற்க வேண்டா, நீங்களே அறிமின் என்பது பகவான் புத்தர் காலாமர்க்குப் புகன்ற அறவுரையின் கருத்து. அங்ஙனமாயின், காளானையும் உண்டு பார்த்தே அறிதல் வேண்டுமோ?

வேண்டா. மஞ்சளிட்டு நிறம் மாறாதது நல்லது, பூச்சி அரித்தது நல்லது என்பன நம்பத்தகாத செவிவழிச் சொற்கள். நாவும் சான்றாகாது. கொடிய நச்சுக்காளான் சிலவற்றின் வேதனை, உண்டு 6 மணி நேரம் கழிந்த பின்னரே தோன்றும். வேகவைப்பினும் அந்நஞ்சு அழியாது.

ஆதலின் அறிதலாவது பொறுமையுடன் நோக்குதலே. புற்றுக்காளானின் தண்டு வேர்போல் இறங்கிக் கறையான் கூட்டைச் சேரும். அதனையொத்த நச்சுக் குடைக்காளானின் அடிமடிப்புகளும் இளமையில் வெண்மையே. முதிர்ந்த தலையை வெள்ளைத்தாளில் ஓரிரவு கவிழ்த்து வைப்பின், நச்சுக்காளான் பசுந்தூள் உதிர்க்கும். புற்றுக்காளானின் தூளோ இளஞ்சிவப்புச் சாயலுடையது. எனினும், ஒரு குறியையே கொண்டு உண்ணத் துணிதல் தகாது.

அறிவுடையோர் பழிப்பது எது, புகழ்வது எது என்று நோக்குமாறும் காலாமர்க்கு உரைக்கப்பட்டது. தன் கண்ணும் வல்லார் சொல்லும் ஒன்றுபடுமிடத்தே தெளிவு பிறக்கும். அதுகாறும் ஐயுற்றதை விலக்குதல் கோழைமையன்று. தான் அறியாததைப் பிறர் இலையில் இட்டவர், நல்லெண்ணத்தால் இட்டேன் என்று கூறித் தப்புதல் இயலாது. அறிய முயலாமையும் குற்றமேயாம்.