டிஸ்க்கைக் கண்டு பயமா? நீயே பழுதாக்கிப் பார்!

சர்வர் முன்னால் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறதா?

"டிஸ்க் வேலையெல்லாம் சீனியர் பார்த்துக்கொள்வார்" என்று இன்னும் எத்தனை நாள் ஒதுங்கி நிற்பாய்? அந்த சீனியர் என்ன, பிறக்கும்போதே லினக்ஸ் தெரிந்தா பிறந்தார்?

"சொந்தக் கிளவுட் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்கிறாயா? யார் சொன்னது! நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்கை இன்று நீயும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உரிமக் கட்டணம் ஒரு பைசா கிடையாது!

சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சேமிப்பகம் வாங்கப் பணமில்லையா? வேண்டாம். சர்வருக்குள்ளேயே மாட்டிய டிஸ்க் போதும். தரவு நெட்வொர்க்கைச் சுற்றி வர வேண்டியதில்லை, வேகமும் கிடைக்கும்.

ஆபத்தும் உண்டு. சர்வர் படுத்தால் அதில் ஓடும் மெய்நிகர் கணினியும், அதாவது விஎம்மும், சேர்ந்து படுத்துவிடும். தெரிந்தே இறங்கு!

பழைய மெஷின் ஒன்றைப் பிடி. அதில் ஓப்பன்ஸ்டாக்கை நிறுவு. காலி டிஸ்க் இரண்டை மாட்டு. எடுத்ததும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைத் தட்டு. எதில் சிஸ்டம் இருக்கிறது, எது காலி?

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை மட்டும் நம்பாதே. ரீபூட்டில் அவை இடம் மாறலாம். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டுப் பார். இந்த ஒரு நிமிடச் சோம்பேறித்தனத்தில்தான் தரவு மொத்தமும் அழிகிறது!

காலி டிஸ்க் இரண்டையும் ரெய்டு 1 ஆக, ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி, இணை. அதன்மேல் எல்விஎம் வால்யூம் குரூப் ஒன்றை உருவாக்கு. ஓப்பன்ஸ்டாக்கில் விஎம்களை இயக்கும் நோவாவின் கான்ஃபிக் ஃபைலில், லிப்வர்ட் பகுதியில், இமேஜ் வகை எல்விஎம் என்று எழுது. அடுத்த வரியில் குரூப்பின் பெயர். நோவா கம்ப்யூட்டை ரீஸ்டார்ட் செய். ஒரு விஎம்மை எழுப்பு.

விஎம் எழவில்லையா? "எனக்கு வராது" என்று மூடி வைத்துவிடுவாயா? லாகைத் திற! பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் விஎம் எழாது. பிழையை வரி வரியாகப் படி. திருத்து. மறுபடி எழுப்பு!

எழுந்துவிட்டதா? இப்போதுதான் உண்மையான பாடம்.

ஒரு டிஸ்க்கை நீயே பழுதென்று அறிவி! ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார். 'யூயூ' என்றிருந்த இடத்தில் ஒரு 'யூ' போய் அடிக்கோடு நிற்கும். நெஞ்சு திக்கென்கிறதா? திரும்பி விஎம்மைப் பார். அது ஓடிக்கொண்டிருக்கிறது!

அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடி சேர். மறுகட்டமைப்பு சதவிகிதம் ஏறுவதைக் கண்ணால் பார். எந்த வகுப்பு தரும் இந்தத் தைரியத்தை?

அப்புறம் விஎம்மையே அழி. அதன் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். ரெய்டு காப்பாற்றாது! டிஸ்க் பழுதுக்குத்தான் ரெய்டு. அழிந்த தரவுக்கு பேக்அப். பயிற்சி மெஷினில் இழந்து பார்த்தவன் பேக்அப் எடுக்க மறக்க மாட்டான்.

தோற்க வேண்டிய இடம் இதுதான். வாடிக்கையாளரின் தரவு ஓடும் சர்வர் அல்ல!

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் திற. டிஸ்க்கை மாட்டு. தொடங்கு!